கருதாது நேரும் கேடு கொலையாகுமோ?

மைசூரு நகரில் வாழும் நம் பௌத்த அன்பர் ஒருவரின் மகள், பௌதிகமும் கணிதமும் கற்றுப் பட்டம் பெற்றவள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்குத் தேர்வு பெற்றுப் பயிற்சிக்குப் புறப்பட இருக்கிறாள். புறப்படுமுன் அவள் விடுத்த வினா இது: "என் வாயினின்று ஓர் எண் தவறி வந்து, அதனால் நூறு உயிர் மடியுமாயின், நான் முதற்சீலத்தை மீறினவள் ஆவேனோ? அங்ஙனமாயின் இத்தொழில் பௌத்தர்க்குத் தகுமோ?"

இவ்வினா அவளுக்கு மட்டும் உரியதன்று. மருந்து அளந்து கொடுப்பவர், ரயில் ஓட்டுபவர், மின்கம்பிக்கு இணைப்புத் தருபவர் ஆகிய எல்லாருக்கும் உரியது. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். மைசூருக்குத் தெற்கே மண்டகள்ளியில் 2010-இல் புதுப்பித்துத் திறக்கப்பெற்ற விமான நிலையத்தை நம்மிற் பலர் கண்டிருப்பர். இத்தகைய நிலையங்களின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அமர்ந்திருப்பவர் விமானத்தை ஓட்டுபவர் அல்லர். அதனைத் தொடுபவரும் அல்லர். அவருடைய கருவி சொல் ஒன்றே. எந்த விமானம் எவ்வுயரத்தில் பறப்பது, எது முந்தி இறங்குவது, எது ஓடுபாதைக்கு வெளியே காத்து நிற்பது என்பவற்றை அவர் வானொலி வாயிலாகக் கூறுகிறார். விமானி அதனைத் திருப்பிக் கூறுகிறார். திருப்பிக் கூறியது சரியோ என்று இவர் மீண்டும் செவிமடுக்கிறார். ஒன்றன்மேல் ஒன்றாகக் கடக்கும் இரண்டு விமானங்களுக்கிடையே பெரும்பாலும் 1,000 அடி உயர வேறுபாடே காவலாக நிற்கிறது. ஆகவே நம் அன்பர் மகளின் அச்சம் வெற்றச்சம் அன்று.

இனி, தம்மம் கூறுவது யாது? வினை என்பது எண்ணத்தைப் பொறுத்தது என்பதே பகவான் புத்தரின் போதனை. சக்குபாலர் என்னும் கண்ணிழந்த தேரர், மழை பெய்த இரவில் உலாவித் தியானம் செய்தபோது, அவர் அடியின்கீழ்ப் பல பூச்சிகள் மடிந்தன. பிற பிக்குகள் அதனைக் குற்றமாகக் கூறினர். அவர் அவற்றைக் கண்டிலர், கொல்லும் எண்ணமும் அவருக்கில்லை, ஆதலின் அவர்மேற் குற்றமில்லை என்று பகவான் தெளிவுறுத்தினார் எனத் தம்மபத உரை கூறுகிறது.

இவ்வளவோடு நிறுத்தினால், "என் எண்ணம் தூயது, ஆகவே எனக்குக் குற்றமில்லை" என்று எவரும் எளிதில் தப்பிவிடலாம். ஆனால் விநயபிடகத்தில் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. பிச்சைக்குச் சென்ற பிக்கு ஒருவர், ஒரு வீட்டில் இருக்கை ஒன்றில் அமர்ந்தார். அதன்மேற் கிடந்த துணிக்கடியில் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது, அது மடிந்தது. பிக்கு நடுநடுங்கிப் பகவானிடம் சென்றார். பகவான் அவரைக் கொலையாளி எனக் கூறவில்லை, சங்கத்தினின்று நீக்கவுமில்லை. ஆயினும், ஆராயாது இருக்கையில் அமர்தல் கூடாது என்றும், அமர்ந்தால் அது குற்றம் என்றும் அன்றே விதித்தார்.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்குக. சக்குபாலர்க்குக் கண் இல்லை. பிக்குவுக்குக் கண் இருந்தது. காண இயலாதவர்மேல் குற்றமில்லை. காண இயன்றும் நோக்காதவர் கொலைக் குற்றத்தினின்று நீங்கினாலும், நோக்காத குற்றத்தினின்று நீங்கவில்லை. விமானங்களைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் தம் கண்ணையும் செவியையும் பிறர்க்காக ஒப்படைத்தவர். ஆகவே அவர் துணியைத் தூக்கிப் பார்த்த பின்னரே அமர வேண்டியவர்.

எண்வகை நெறியுள் நற்கடைப்பிடி என்று நம் முன்னோர் மொழிந்தது இதனையே. திருக்குறளின் 54-ஆம் அதிகாரம் இதனைப் பொச்சாவாமை என்னும் பெயரால் உரைக்கிறது. தம்மபதத்தின் இரண்டாம் வர்க்கம் முழுவதும் இதுபற்றியதே. பகவான் பரிநிர்வாணம் அடையுமுன் சீடர்க்கு விடுத்த இறுதி அறிவுரையும் விழிப்புடைமையே அன்றோ? கள்ளுண்ணாமை ஐந்தாம் சீலமாக அமைந்ததும், கள் விழிப்பைக் கெடுக்கும் என்னும் காரணத்தாலேயே. இந்திய விமான நிலைய ஆணையம் இப்பணிக்கு ஆள் தெரியும்போது, தேர்வுக்குப் பின் குரற்சோதனையோடும் மனநிலை ஆய்வோடும் போதைப்பொருட் சோதனையும் வைத்திருப்பதைக் காணும் பௌத்தர், தம் ஐந்தாம் சீலத்தின் பொருளை அங்கே காண்பர்.

பயிற்சியின் ஒவ்வொரு விதியும் ஒரு துணியைத் தூக்கிப் பார்ப்பதே ஆகும். 1977 மார்ச் 27-இல் கானரித் தீவுகளைச் சேர்ந்த தெனெரீஃபில் மூடுபனியிடையே இரண்டு பெருவிமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். புறப்படும் அனுமதி கிடைத்ததெனக் கருதி ஒரு விமானி விரைந்ததே அதற்கு முதற்காரணம். அதன்பின், 'டேக் ஆஃப்' என்னும் சொல்லை அவ்வனுமதியைக் கொடுக்கும்போதும் நீக்கும்போதும் அன்றி வேறெங்கும் வழங்கலாகாது என்னும் முறை ஏற்பட்டது. பயிற்சி பெறுபவர் ஒன்பது என்னும் எண்ணை ஆங்கிலத்தில் 'நைனர்' என்று ஒலிக்கப் பழகுவதும், பிற எண்ணோடு அது மயங்காமற் காத்தற்கே. நல்வாய்மை என்பது பொய் கூறாமை மட்டுமன்று. கேட்பவர் பிழைபட உணராதவாறு கூறுதலும் ஆம்.

ஆயினும் தன் கடமையைச் செவ்வனே செய்தவரும் கேட்டினைத் தடுக்க இயலாது போகலாம். 1996 நவம்பர் 12-இல் அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தனர். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்குங் கீழே இறங்கிவிட்டது. எதிரே விமானம் வருகிறது என்று கட்டுப்பாட்டாளர் முன்னரே எச்சரித்திருந்தார். நீதிபதி லகோட்டி தலைமையில் நடந்த விசாரணை அவ்விமானத்தார் மீதே பிழை கண்டது. இத்தகைய நிலையில் தம்மைத் தாமே கொலையாளி என வருத்திக்கொள்ளுதல் நற்காட்சி ஆகாது.

மற்றொன்று. மணிமேகலையின் முப்பதாம் காதை பன்னிரு நிதானங்களை உரைக்கிறது. எதுவும் தனியே தோன்றாது, சார்பினால் தோன்றும் என்பது அதன் உட்பொருள். 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் இரண்டு விமானங்கள் மோதி, பெரும்பாலும் குழந்தைகளாகிய 71 பேர் மாண்டனர். அன்று சுவிட்சர்லாந்தில் ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு திரைகளைத் தனித்துக் கவனித்தார். உடன் பணியாற்றியவர் ஓய்வுக்குச் சென்றிருந்தார். தொலைபேசி இணைப்பு பராமரிப்பின்பொருட்டு நிறுத்தப்பட்டிருந்தது. 2004-இல், மனைவி மக்களை இழந்த ஒருவர் அக்கட்டுப்பாட்டாளரைக் குத்திக் கொன்றார். அதனால் இறந்த குழந்தை ஒன்றும் மீளவில்லை. தந்தையை இழந்த வேறு குழந்தைகளே எஞ்சினர். 2007-இல் சுவிட்சர்லாந்து நீதிமன்றம், அந்நிறுவனத்தைச் சேர்ந்த நால்வரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. ஒருவனைத் தனித்து அமர்த்திய முறையும் வினையின் பங்காளியே.

ஆகவே பயிற்சிக்குச் செல்வோர் இரண்டு பழக்கங்களைக் கொள்க. அயர்ந்தபோது "அயர்ந்தேன், வேறொருவரை அமர்த்துக" என்று கூற நாணாதிருத்தல் ஒன்று. தம் பிழையைத் தாமே எடுத்துரைத்தல் மற்றொன்று. மழைக்கால இறுதியில் பிக்குகள் பவாரணை என்னும் சடங்கில், தம்மிடம் பிறர் கண்டதும் கேட்டதும் ஐயுற்றதுமான குற்றங்களைக் கூறுமாறு தாமே வேண்டிக்கொள்வர். முதன்முதல் மெய்யான விமானங்களுக்குச் சொல் வழங்கும் நாளில், தகுதி பெற்ற ஒருவர் அருகிருந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டுத் திருத்துவார். அத்திருத்தத்தை அவமதிப்பாகக் கொள்ளாதவரே நாளடைவில் நம்பத்தக்கவர் ஆவர்.

நம்மவர்க்கு இதில் தனிப்பட்ட ஒரு சோதனையும் உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவிய காலத்தில், நம் முன்னோர் பலரின் குரல் பொதுத் தெருவில் ஒலிப்பதையும் பொறாத ஊர்கள் இருந்தன. இன்று அவ்வழி வந்த ஒரு பெண்ணின் குரல் கேட்டு விமானங்கள் வானிற் காத்திருக்கும். அதனைக் கேட்கும் விமானி அவள் குலத்தை வினவான்; எண் தெளிவாக வந்ததோ என்பதையே நோக்குவான். இது மகிழத்தக்கது. ஆனால் அம்மகிழ்ச்சியே சோர்வுக்கு வாயிலாகிவிடலாம். மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதியையே பொச்சாவாமை அதிகாரமும் கடிந்துரைக்கிறது.

வினவிய மகளுக்கு நம் விடை இதுவே. இத்தொழில் நல்வாழ்க்கையைச் சார்ந்தது. ஏனெனில் அதன் பயன் உயிர்களைக் காத்தலன்றி வேறில்லை. கருதாது நேரும் கேடு கொலையாகாது. ஆனால் ஆராயாது அமர்தல் குற்றமே. ஒவ்வொரு முறையும் நோக்கிய பின் அமர்க, அஞ்சாது புறப்படுக.