செனெகா எழுதிக் கொடுத்த கடிதம்

கி.பி. 59இல் ரோமின் செனட் சபைக்குப் பேரரசன் நீரோவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தாய் அக்ரிப்பினா தன்னைக் கொல்ல ஆள் அனுப்பினாள், சதி வெளிப்பட்டதும் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்றது அது. நடந்தது வேறு. நடுக்கடலில் நொறுங்கும்படி கட்டிய கப்பலில் தாயை ஏற்றி அனுப்பியவன் மகன்தான். அவள் நீந்திப் பிழைத்ததும் வீரர்களை ஏவி வெட்டச் செய்தான். இதெல்லாம் ஊரறிந்த இரகசியம். கடிதம் யாருடைய கைவண்ணம் என்பதும் அப்படியே. எழுதியவர் நீரோவின் ஆசானும் ஆலோசகருமான செனெகா.

சினத்தை அடக்குவது பற்றி நூல் எழுதியவர் அவர். கோர்சிகாத் தீவில் நாடுகடத்தப்பட்டுக் கிடந்தவரை 49இல் ரோமுக்கு மீட்டுக் கொண்டுவந்தவளே அக்ரிப்பினாதான். செய்ந்நன்றி கொன்றவர் என்று சொல்லி வழக்கை முடித்துவிடத் தோன்றும். ஆனால் அவர் தரப்பையும் கேட்க வேண்டும். 54இல் அரியணை ஏறியபோது நீரோவுக்கு 16 வயது. அடுத்த சில ஆண்டுகள் செனெகாவும் காவற்படைத் தலைவர் புர்ரஸும் அவனைக் கைக்குள் வைத்து ஆட்சியை ஓரளவு ஒழுங்காகவே நடத்தினார்கள். 62இல் புர்ரஸ் இறந்து, அந்தப் பதவிக்குத் திகெல்லினஸ் வந்தபின் கொலைகள் பெருகின. ஆகவே, ‘நான் இருப்பதால்தான் இந்த அளவோடு நிற்கிறது’ என்பதை வெறும் சாக்கு என்று தள்ள முடியாது.

சிக்கல், அந்த வாதத்துக்கு எல்லைக்கல் இல்லை என்பதுதான். நீரோவுக்குத் தம்பி முறையான பிரித்தானிக்கஸ் விருந்தில் விழுந்து செத்தபோதும் அது பொருந்தியது. தாயைக் கொன்றபோதும் பொருந்தியது. இடையில் செல்வமும் சேர்ந்தது. நான்கே ஆண்டுகளில் 30 கோடி செஸ்டர்ஸ் நாணயம் சேர்த்தார் என்று அவருடைய எதிரி சூய்லியஸ் குற்றஞ்சாட்டியதை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்கிறார். பகையாளி போட்ட கணக்குதான். பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், நாட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பதவியில் இருந்தவரின் கணக்காகத் தெரியவில்லை.

பதவியில் நீடித்ததைக்கூட மன்னித்துவிடலாம், கடிதத்தை மன்னிப்பது கடினம். தீமையைக் குறைக்க அரசன் அருகில் இருப்பவர் தடுக்கலாம், தாமதிக்கலாம், வாய்மூடி நிற்கலாம். அன்றோ கொலை முடிந்துவிட்டது. கொன்றவனுக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. செனெகா அதைத் தம் நற்பெயரை ஈடு வைத்து எழுதிக் கொடுத்தார். நீரோவின் கொடுமை பழிசொல்லுக்கும் அப்பால் போய்விட்டதால், மக்கள் செனெகாவையே தூற்றினார்கள் என்கிறார் டாசிட்டஸ்.

நீரோ உயிர் தப்பியதற்குத் தெய்வங்களுக்கு நன்றி வழிபாடு நடத்த வேண்டும் என்று செனட்டர்கள் போட்டி போட்டுக்கொண்டு தீர்மானம் போட்டார்கள். த்ராசியா பேட்டஸ் மட்டும் எழுந்து வெளியே போனார். பிற்காலத்தார் இதை வீரமாகக் கொண்டாடினார்கள். டாசிட்டஸின் மதிப்பீடு வறண்டது: தமக்கு ஆபத்தைத் தேடிக்கொண்டார், மற்றவர்களுக்குச் சுதந்திரத்தின் வாசல் திறக்கவில்லை.

ஆனால் த்ராசியா உடனே ஒதுங்கிவிடவில்லை. 62இல் நீரோவை இகழ்ந்து கவிதை படித்த அண்டிஸ்டியஸுக்கு மரண தண்டனை கேட்கப்பட்டபோது, நாடுகடத்தினால் போதும் என்று வாதாடிச் சபையைத் தம் பக்கம் திருப்பினார். ஓர் உயிர் பிழைத்தது. முன்பே முழுதாக விலகியிருந்தால் அது நடந்திராது. அவரும் கொடுங்கோலனின் சபையில் உட்கார்ந்திருந்தவர்தான். எந்தத் தீர்மானத்துக்கு உட்கார்ந்திருப்பது, எதற்கு எழுந்துபோவது என்பதில்தான் செனெகாவிடமிருந்து வேறுபட்டார்.

பிறகு சபைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். 66இல் அந்த வராமையும் ஒரு குற்றச்சாட்டாயிற்று. (செனெகா அதற்கு முந்தின ஆண்டே நீரோவின் ஆணைப்படி தம் இரத்த நாளங்களை அறுத்துக்கொண்டு செத்திருந்தார்.) ட்ரிப்யூன் பதவியிலிருந்த இளைஞர் அருலேனஸ் ருஸ்டிகஸ் சபையின் தீர்மானத்தைத் தடுக்கும் தம் அதிகாரத்தைப் பயன்படுத்த முன்வந்தார். தமக்கு அதனால் பயனில்லை, ருஸ்டிகஸுக்கோ அழிவு என்று த்ராசியா தடுத்துவிட்டார்.

ருஸ்டிகஸ் அன்று தப்பினார். பல ஆண்டுகள் கழித்து, டொமிஷியன் ஆட்சியில், த்ராசியாவைப் புகழ்ந்து நூல் எழுதிய குற்றத்துக்காகக் கொல்லப்பட்டார். அந்த ஆட்சியில் பதவி உயர்வு பெற்ற செனட்டர்களில் டாசிட்டஸும் ஒருவர். 98இல் தம் மாமனார் அக்ரிகோலாவின் வரலாற்றை எழுதியபோது, கெட்ட அரசனின் கீழும் நல்லவர்கள் பணியாற்ற முடியும் என்று வாதிட்டார். அதே நூலில், ருஸ்டிகஸ் முதலானோரின் அழிவுக்குத் தம்மையும் சேர்த்தே பழி ஏற்றார்.