எந்தத் தொழில் நிலைக்கும்?



பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "பையனை எதில் சேர்க்கலாம்? ஃபிட்டரா, எலக்ட்ரீஷியனா? பத்து வருஷம் கழித்து எந்த வேலைக்குக் கிராக்கி இருக்கும்?" நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நம் கணக்குத் தப்பிப் போனால், அந்த நஷ்டத்தைச் சுமப்பது யார்?

உதாரணத்தை வெகு தூரத்தில் தேட வேண்டாம். நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான வாலிபரும் இளம் பெண்களும் அங்கே வேலைக்குச் சேர்ந்தனர். ஊரெல்லாம் கைப்பேசி பரவிவந்த காலம் அது. இந்தத் தொழிலுக்கு இனி அழிவேது என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் வரித் தகராறு ஒன்று எழுந்தது. 2014-ல் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அவ்வருஷம் நவம்பர் 1-ந் தேதி ஆலை நின்றது. உலகில் கைப்பேசிக்குத் தேவை குறையவில்லை. அதைச் செய்த கைகளுக்குத்தான் வேலை இல்லாமற் போயிற்று. இதை எந்தத் தாய் தகப்பன் முன்கூட்டி அறிந்திருக்க முடியும்?

அரசாங்கமும் வருங்காலத்தை எண்ணிப் பார்க்கிறது. 2022-ல் டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்து, 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்க முற்பட்டது. ரோபோ, மின்சார வாகனம் முதலியவற்றில் பயிற்சி தருவது நோக்கம். நல்ல காரியமே. ஆயினும் இதுவும் ஒரு கணிப்புத்தான்.

அப்படியானால் முன்யோசனையே வீணா? இல்லை. நம் உத்திரமேரூர்க் கோயில் சுவரைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில், குடவோலை மூலம் ஏரி வாரியத்துக்கு ஆட்களைத் தெரிந்தெடுத்த விதம் அங்கே எழுதியிருக்கிறது. வருகிற வருஷம் எத்தனை மழை பெய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாததனால்தான் ஏரியைக் கவனிக்க ஆள் வைத்தார்கள். மழை எப்போது வந்தாலும் தேங்க இடம் வேண்டுமல்லவா?

பிள்ளைகளின் தொழிற்கல்வியும் அப்படியே. பிசகாமல் அளவெடுப்பது, வரைபடம் பார்த்து வேலை செய்வது, கணக்கு, மின்சாரத்தின் அடிப்படை, தெரியாததைக் கேட்டுப் படிக்கும் பழக்கம் ஆகிய இவை ஆலை மாறினாலும் கூடவே வரும். ஒரே யந்திரத்தில் ஒரே வேலையை மட்டும் பழகியவனுக்கோ, அந்த யந்திரம் போனால் எல்லாம் போயிற்று.

ஆனால் பொறுப்பு முழுவதையும் பிள்ளையின் தலையில் கட்டிவிடலாகாது. அர்ச். தொன் போஸ்கோ 1852-ல் தூரின் நகரில் ஒரு சிறுவனைத் தச்சுவேலை பழகச் சேர்த்தபோது, தச்சரிடம் எழுத்து மூலம் ஒப்பந்தம் வாங்கினார். தொழிலை ஒழுங்காகக் கற்றுத்தர வேண்டும். எடுபிடி வேலைக்கு ஏவக் கூடாது. ஓய்வு நாள் தர வேண்டும். சிறுவனுக்குக் கடமை இருந்தது, முதலாளிக்கும் இருந்தது.

ஆகவே, பட்டறை வைத்திருப்போரே, உங்களிடம் பழக வரும் பையனுக்கு ஒரு வேலையோடு நிறுத்தாமல் தொழில் முழுவதையும் காட்டுங்கள். பெற்றோரே, மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் ஒரு தொழில் கற்பியுங்கள். கல்யாணச் செலவுக்குச் சேர்ப்பதுபோல், பிள்ளை மறுபடி படிக்க நேர்ந்தால் உதவவும் சிறிது சேர்த்து வையுங்கள். முப்பது வயதில் வேலை போய் வீடு திரும்பும் பிள்ளையிடம், "அன்றே சொன்னேனே!" என்று சொல்லாதீர்கள். அந்த வழியைத் தேர்ந்ததில் நமக்கும் பங்குண்டு. சுமையிலும் பங்கு கொள்வோம்.