அந்தச் சாட்சிக் கையெழுத்து



நீதி என்றதும் நம் மனம் ஆட்சியாளர்களிடமும் நீதிமன்றத்திடமும் போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு நேரம் போதுவதில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்களிடம் வந்த ஒரு விஷயத்தைப் பாருங்கள். அதில் திருடனும் இல்லை, அரசனும் இல்லை. ஒரு வீட்டுக்குள் நடந்தது.

பஷீர் (ரலி) அவர்கள் மனைவி அம்ரா பின்த் ரவாஹா (ரலி) கேட்டுக்கொண்டதால், தம் சொத்தில் ஒரு பகுதியை மகன் நுஃமானுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். நபியவர்களைச் சாட்சியாக்கினால்தான் எனக்குத் திருப்தி என்றார் அம்ரா. பஷீர் போய்ச் சொன்னதும், மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்திருக்கிறாரா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்று பதில் வந்தது. இப்படிப்பட்ட அநீதிக்குத் தாம் சாட்சியாக முடியாது என்று மறுத்துவிட்டார்கள். பஷீர் வீடு திரும்பி, கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கவனியுங்கள், இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தம் சொந்தப் பொருளைத் தம் சொந்த மகனுக்குப் பாசத்தோடு கொடுத்தார் ஒரு தந்தை, அவ்வளவுதான். அதற்கும் அநீதி என்றே பெயர்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். வீடு மகன் பெயருக்கு செட்டில்மென்ட் ஆகிறது. மகள் வாய் திறந்தால், "உனக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டோமே" என்கிறோம். அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆவது வசனம் அவளுடைய பங்கை நிர்ணயித்துவிட்டது. அது அவள் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே, தகப்பன் உயிரோடு இருக்கும்போதே பத்திரத்தை முடித்துவிடுகிறோம். அந்தப் பத்திரத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் தொழுகையாளிகள்தான். நபியவர்கள் மறுத்த சாட்சியை நாம் ஒரு டீ குடித்துவிட்டுப் போட்டுக் கொடுக்கிறோம். அந்த இருவரில் ஒருவராக நீங்கள் நின்றதுண்டா?

வீட்டில் இப்படிப் பழகியவர் ஜமாஅத் நிர்வாகத்துக்கு வரும்போது மட்டும் எப்படி மாறுவார்? வசதியானவரின் மகன் தவறு செய்தால் "பேசி முடித்துக்கொள்ளலாம்". ஏழை வீட்டுப் பையன் என்றால் உடனே பஞ்சாயத்து. மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல், உயர்குடியான மக்ஸூம் கோத்திரத்துப் பெண் ஒருத்தி திருடினாள். அவளுக்காகப் பரிந்து பேச, நபியவர்களின் நேசத்துக்குரிய உஸாமாவை (ரலி) அனுப்பினார்கள். நபியவர்கள் கோபமடைந்தார்கள். தம் மகள் ஃபாத்திமாவே திருடியிருந்தாலும் தண்டனை மாறாது என்று அறிவித்தார்கள். பாருங்கள், பொது நீதி பற்றிய பேச்சும் கடைசியில் சொந்தப் பிள்ளையிடம்தான் வந்து நிற்கிறது.

பஷீரின் வீட்டில் நடந்ததை நமக்கு அறிவித்தவர் யார் தெரியுமா? கைக்கு வந்த சொத்தை இழந்த அந்த மகன் நுஃமான் (ரலி) அவர்களேதான். பிற்காலத்தில் கூஃபாவின் ஆளுநராக இருந்தவர். தந்தை தமக்குக் கொடுத்ததையும் அது திரும்பிப் போனதையும் மிம்பரில் நின்று அவரே மக்களுக்கு எடுத்துச் சொன்னார்.