யாருடைய ரத்தம்?

வல்லூர் அனல்மின் நிலையத்தில் வேலை செய்கிறேன். சென்னையின் தாத்ரி பதிவகத்தில் ரத்த ஸ்டெம் செல் கொடையாளராகப் பதிந்ததும் அம்மா கேட்டார்: "கடவுள் குடுத்த உடம்புடா, யாருக்கோ குடுக்கலாமா?" கண்ணப்பர் சிவனுக்குத் தன் கண்ணையே கொடுத்த கதையை எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

எலும்பு மஜ்ஜையிலுள்ள இந்த ஸ்டெம் செல்களே ஆயுள் முழுவதும் ரத்தத்தை உண்டாக்குகின்றன. ரத்தப் புற்றுநோயாளிக்கோ தலசீமியா குழந்தைக்கோ பொருத்தமானவரின் செல்களைச் செலுத்தினால், அவை மஜ்ஜையில் குடியேறிப் புது ரத்தம் தரும். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் இச்சிகிச்சை நடக்கிறது.

பெற்றவரின் ரத்த வகைகூடக் கொடுத்தவருடையதாக மாறலாம். ஆனாலும் அவர் அவராகவே இருக்கிறார். ஆகவே 'நான்' என்பது ரத்தத்தில் இல்லை. உயர்வு தாழ்வும் அங்கில்லை. கொடுத்தவருக்கோ சில வாரங்களில் செல்கள் மீண்டும் ஊறிவிடும்.

ஊறுவதைப் பூட்டி வைப்பது பக்தியல்ல. 18 வயது நிரம்பியவர்களே, பதிவு செய்யுங்கள்.