வேட்டையும் தவமும்

வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைகளிலும் சகாராவின் வறண்ட குன்றுகளிலும் பிறந்து வளரும் அவுதாத் என்னும் காட்டுச் செம்மறி, கழுத்திலிருந்து முன்னங்கால் வரை தொங்கும் மயிர்க்கற்றையும் பின்னோக்கி வளைந்த கனத்த கொம்புகளும் உடையது. மேயும் தழையின் ஈரத்தைக் கொண்டே நெடுநாள் உயிர் தரிக்க வல்லது. தன் பிறந்த மண்ணில் அருகி வருகின்ற இப்பிராணியை, 1957-58-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் வேட்டையின் பொருட்டே கொண்டுவந்து விட்டார்கள். அது அங்கே பல்கிப் பெருகி, மாநிலத்தின் மேற்கேயுள்ள பாலைவன மலைகளெங்கும் பரவிவிட்டது. அம்மலைகளில் வெயிலையும் முள்ளையும் சரளைச் சரிவையும் பொருட்படுத்தாமல் விடியல் முதல் ஏறி, தொலைநோக்கியில் கண் பதித்துக் காத்திருந்து, கடைசியில் ஒரு கிழ ஆணை வீழ்த்தித் தலையைக் கொண்டு திரும்புகிறவர்கள், தாங்கள் செய்வது வெறும் கொலையன்று என்று மனப்பூர்வமாக நம்புகிறார்கள். தேகத்தை வருத்தியும் மனத்தை அடக்கியும் பெற்றது ஆகையால் அது தங்களுக்கு உரியது என்பது அவர்கள் வாதம். இதை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பிரயாசை ஒரு கொலையைப் புனிதமாக்குமா என்னும் கேள்வி நம் தேசத்தில் மிகப் பழையது.

நமக்கும் அப்படியொரு மலைப்பிராணி உண்டு. சங்கப் புலவர்கள் வருடை என்று குறித்த வரையாடு, நீலகிரியிலும் ஆனைமலையிலும் அதற்குத் தெற்கேயுள்ள சிகரங்களிலும், சோலைக்கு மேலே புல்வெளி பாறையாகச் செங்குத்தாக இறங்கும் விளிம்பில் வாழ்வது. மந்தை மேயும்போது ஒரு பெட்டை உயர்ந்த பாறைமேல் நின்று காவல் காக்கும். ஆபத்து கீழேயிருந்து வருவதே வழக்கமாதலால் அதன் பார்வை பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கும். இதை அறிந்த வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள், பள்ளத்தாக்கைச் சுற்றிப் பாதிநாள் நடந்து மேலிருந்து இறங்கினார்கள். முதிர்ந்த ஆணின் கருமேனியில், முதுகின்மேல் சேணம் போட்டாற்போல் வெள்ளிநிறத் திட்டு படரும். அந்தக் கிழ ஆணே அவர்கள் நாடிய பரிசு. ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டன் போன்றவர்கள் எழுதிவைத்துப்போன வேட்டைக் குறிப்புகளில், மூடுபனி விலகக் காத்திருந்த பொறுமையும் பாறை விளிம்பில் தவழ்ந்த துணிவும் மெய்யானவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தப் பொறுமைக்கும் துணிவுக்கும் உரிய பயன் எது? கௌடில்யர் தம் அர்த்தசாஸ்திரத்தில் அரசனின் வியசனங்களை ஆராயுமிடத்தில், சூதைவிட வேட்டையே கொடியது என்ற பிசுனரின் கருத்தை மறுத்து, வேட்டையினால் தேகப்பயிற்சி உண்டாகிறது, கொழுப்பும் கபமும் குறைகின்றன, ஓடும் இலக்கிலும் நிற்கும் இலக்கிலும் குறி பழகுகிறது, மிருகங்களின் மனநிலை விளங்குகிறது என்று பட்டியலிடுகிறார். இன்று டெக்சாஸ் மலையில் ஏறுகிறவனும் ஏறக்குறைய இதையே சொல்வான். ஆயினும் அவர் கூறும் லாபங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், குறி பழகுவதற்கு உயிரற்ற இலக்கு போதும். மற்றவை யாவும் துப்பாக்கி வெடிப்பதற்கு முந்திய கணத்திலேயே வேட்டைக்காரனுக்கு முழுமையாகக் கிடைத்துவிடுகின்றன. ஏறியதால் தேகம் உறுதிப்பட்டது; காத்திருந்ததால் மனம் ஒருமைப்பட்டது; கூர்ந்து பார்த்ததால் பிராணியின் சுபாவம் தெரிந்தது. இத்தனைக்கும் பிறகு அந்த உயிரை எடுப்பதால் எந்த நற்குணம் கூடுகிறது? திருவள்ளுவர் தவத்துக்கு இலக்கணம் வகுக்கும்போது, தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்வது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது என இரண்டு அங்கங்களைச் சேர்த்தே வைத்தார். மலைவேட்டைக்காரன் முதல் அங்கத்தை மெச்சத்தக்க விதமாக நிறைவேற்றுகிறான். அதையே காரணமாகக் காட்டி இரண்டாவதை முறிக்கிறான். தன் சிரமத்துக்கான கூலியை, அந்தச் சிரமத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு பிராணியிடம் வசூலிக்கிறான் என்பதே என் ஆட்சேபம்.

இந்த அளவுகோலை வெள்ளைக்காரன்மேல் மாத்திரம் வைத்துவிட்டு நம் ஊரை விட்டுவிடுவது நியாயமாகாது. சென்னையிலிருந்து புழல், செங்குன்றம் வழியாக வடக்கே போய் ஜனப்பன்சத்திரக் கூட்டுச்சாலையில் திரும்பினால், ஆரணியாற்றங்கரையில் பவானியம்மன் கோயில்கொண்ட பெரியபாளையம். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்த தொழிலாளியும், வடசென்னையின் மீனவக் குடும்பமும், ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்து வருபவரும் அடுப்பு, அண்டா, பாய் சகிதமாக வேனிலும் மாட்டுவண்டியிலும் வந்து இறங்குகிறார்கள். வேண்டுதலுக்கென்று வளர்த்த கிடாவுக்கு மஞ்சள்நீர் தெளித்து, கழுத்தில் வேப்பிலை கட்டி, அது உடலைச் சிலிர்க்கும்வரை எல்லோரும் காத்து நிற்கிறார்கள். சிலிர்த்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள். சிலிர்க்காவிட்டால் மறுபடியும் தண்ணீர் தெளித்து, வீட்டுப் பெரியவள் தாயிடம் குற்றம்குறை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். காதில் விழுந்த நீருக்குத்தான் ஆடு சிலிர்த்தது என்று சொல்வது சுலபம். ஆனால் கொல்வதற்கு முன் யாரிடமேனும் அனுமதி கேட்டாக வேண்டும், கிடைக்கும்வரை கத்தியை நிறுத்தியாக வேண்டும் என்ற அந்தத் தயக்கத்துக்கு ஒரு தார்மிக மதிப்பு உண்டு. அது துப்பாக்கிக் குழலின் பின்னால் நிற்பவனிடம் நான் காணாத ஒன்று.

அந்த மதிப்பைக் கொண்டு பலியை நியாயப்படுத்திவிட முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். பெரியபாளையம் போகும் வழியிலேயே, புழலில், பழமையான ஆதிநாதர் ஜினாலயம் இருக்கிறது. ஜைன ஆசாரியர்கள் ஹிம்சையை நால்வகையாகப் பிரித்து, சமைப்பதிலும் பெருக்குவதிலும் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது ஆகிய மூன்றையும் இல்லறத்தானுக்குத் தவிர்க்க அரியவை என்று கொண்டு, கொல்லவேண்டும் என்ற சங்கற்பத்தோடு செய்யும் நான்காவதை மட்டும் முற்றாக விலக்கினார்கள். வேட்டை, பலி இரண்டுமே அந்த நான்காவதில்தான் அடங்கும். இன்னொன்றையும் யோசிக்கவேண்டியிருக்கிறது. கோகுலத்தில் பிறந்து கண்ணனுக்குப் பதிலாகத் தேவகியின் பக்கத்தில் கிடத்தப்பட்டு, கம்சன் கல்லில் அறைய ஓங்கியபோது அவன் கைநழுவி வானில் எழுந்த பெண்மகவே பெரியபாளையத்தில் பவானியாக, சங்கும் சக்கரமும் ஏந்தி வீற்றிருக்கிறாள் என்பது தலவரலாறு. ஒரு உயிருக்கு மாற்றாகக் கொலைக்கு ஓங்கப்பட்டவள் அவள். தன் பிள்ளையின் உயிருக்கு மாற்றாக ஒரு கிடாவை நேர்ந்துகொள்ளும் தாய், அந்தச் சந்நிதியில் நின்று இதை ஒருகணம் எண்ணிப்பார்க்கலாம் என்று நான் பணிவோடு கேட்கிறேன். சட்டத்தால் இது தீரவில்லை. 1950-இல் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுத்து இயற்றிய சட்டம் அரை நூற்றாண்டு உறங்கிக் கிடந்து, 2003-இல் கண்டிப்பாக அமலுக்கு வந்து, 2004-இல் நீக்கவும் பட்டது. அதே பெரியபாளையத்தில், அதே கூட்டத்தில், உடம்பெல்லாம் வேப்பஞ்சேலை கட்டி, கசப்பும் உறுத்தலும் பொறுத்துக் கோயிலை வலம் வருகிற பெண்ணும், ஈரத்துணியோடு அங்கப்பிரதட்சிணம் செய்கிறவனும் வள்ளுவர் சொன்ன இரண்டு அங்கங்களையும் நிறைவேற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கு எந்த உபதேசமும் தேவைப்படவில்லை.

காளத்தியின் கண்ணப்பரை இங்கே எதிர்வாதமாகக் காட்டுவார்கள். பன்றியைத் துரத்திக் கொன்று, தசையை வாட்டி, மென்று சுவைபார்த்து அவர் படைத்ததை இறைவன் ஏற்றுக்கொண்டானே, பூசகர் சிவகோசரியாருக்குக் கனவில் தோன்றி அந்த அன்பின் பெருமையையும் சொன்னானே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் சேக்கிழார் கதையை எங்கே முடிக்கிறார் என்று கவனிக்க வேண்டும். அத்தனை நாளும் ஊன் படைத்த வேடனைத் தடுக்காமலும் வெளிப்படையாக அழைக்காமலும் இருந்த இறைவன், ஆறாம் நாளில் அவர் தம் கண் ஒன்றைத் தோண்டி அப்பி, மற்றதற்கும் அம்பை வைத்தபோதுதான் கைநீட்டிப் பிடிக்கிறான். பன்றியின் தசை இன்னோர் உயிருடையது, கண் அவருடையது.

வேட்டைக்காரர் தரப்பில் கனமான வாதம் ஒன்று மிஞ்சுகிறது. வேட்டைக்காரர்களே 1877-இல் நீலகிரியில் சங்கம் அமைத்தார்கள். 1879-இல் வேட்டைப் பிராணிகளைக் காக்கச் சட்டமும் வந்தது. மூணாறுத் தோட்டத்துரைமார் வேட்டைக்காக ஒதுக்கிவைத்த இரவிகுளம், 1975-இல் சரணாலயமும் 1978-இல் தேசியப் பூங்காவும் ஆகி, இன்று வரையாட்டுக்கு முதன்மையான புகலிடமாக விளங்குகிறது. இந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஒரு செயலின் பலன் நன்றாயிருந்ததால் அதன் சங்கற்பமும் நன்றாயிருந்தது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின்பின் துப்பாக்கியின்றி அதே பாறைகளில் ஏறி, அதே மூடுபனியில் காத்திருந்து, இ.ஆர்.சி. தாவீதார் 1975-இல் வரையாடுகளை எண்ணி ஆராய்ந்தார்; 2024-இல் தமிழ்நாட்டு வனத்துறையினர் மலைமலையாக நடந்து எண்ணியபோது 1,031 தேறின. வேட்டைக்காரன் பெருமை பாராட்டும் பிரயாசையில் ஒரு துளிகூட இவர்களுக்குக் குறைவில்லை.

அவுதாதின் விஷயம் இதைவிடக் கடினமானது. அது டெக்சாஸ் மலைக்கு அந்நியம். அங்கேயே பிறந்த பெருங்கொம்புச் செம்மறியின் மேய்ச்சலையும் நீரையும் அது பறிக்கிறது, நோயையும் கொடுக்கிறது. ஆகவே அதன் எண்ணிக்கையைக் குறைத்தே ஆகவேண்டும் என்கிறார்கள் அங்குள்ள வனத்துறையினர். அப்படியானால் கொல்லும் கடமை யார்மேலோ விழத்தான் செய்யும். மகாபாரதத்து மிதிலை நகரின் தர்மவியாதன், பிறப்பால் வாய்த்த இறைச்சிக்கடைத் தொழிலை விருப்பு வெறுப்பின்றிச் செய்துகொண்டு, தவத்தில் கர்வம் கொண்ட கௌசிகனுக்குத் தர்மம் உபதேசித்ததுபோல, அதையும் ஒருவன் பாவபுத்தி இல்லாமல் செய்யக்கூடும். ஆனால் மனிதர்கள் தம் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட தவறை, மனிதர்களே திருத்துகிற வேலை அது. அவ்வேலையை முடித்தவன், இறந்த பிராணியின் தலையைப் பதனிட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் தன் வெற்றியாகக் காட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.