பார்க்கப் பார்க்கக் குறைவது

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பாதையில் இருக்கிறது திருப்புலிவனம். அங்கே வியாக்ரபுரீஸ்வரர் கோயிலின் கல்வெட்டுச் சுவரை ஒரு காலைப் பொழுதில் என் நண்பன் நீர்வர்ணத்தில் எழுதினான். வலது ஓரத்தில் சிவப்புப் புடவையில் ஒரு பெண். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வெகுநேரம் எங்கள் பின்னால் நின்றிருந்தார்.

"இத எங்க சார் மாட்டுவீங்க?"

"மெட்ராஸ்ல, கண்காட்சியில."

"அப்ப இப்பவே பாத்துக்கறேன்" என்றவர், காகிதம் காய்கிறவரை நகரவில்லை.

கண்காட்சியில் படம் விலைபோகவில்லை. எனக்குத் தந்துவிட்டான். ஜன்னலுக்கு எதிரில் மாட்டினேன். பதினைந்து வருஷங்களுக்குப் பிறகு கண்ணாடி உடைந்து பிரேமைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. மவுண்ட் அட்டைக்கு அடியில் மறைந்துகிடந்த அரை அங்குலத்தில் புடவை அப்படியே ரத்தச் சிவப்பு. அட்டை விட்டுவைத்திருந்த பாகத்தில் சோகைபிடித்த ஒரு ரோஜா நிறம். நான் தினமும் பார்த்தது, வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டது, இந்த ரோஜாவைத்தான். என் கண்ணே அதைத் தின்றுவிட்டது என்று எழுதலாம், அது கவிதையாகிவிடும். தின்றது வெயில். ஆனால் ஜன்னலுக்கு எதிரில் மாட்டியது பார்ப்பதற்காகத்தானே?

நீர்வர்ணத்தில் காகிதத்தின் வெள்ளைதான் வெளிச்சம். வர்ணம் அதன்மேல் ஒரு மெல்லிய கறை. காவி போன்ற மண்வர்ணங்கள் தாக்குப்பிடிக்கும். கிரிம்ஸன் மாதிரிச் சிவப்புகள் ஓடிப்போகும். 1888-லேயே இங்கிலாந்தில் ரஸ்ஸலும் ஆப்னியும் இதைச் சோதித்து அறிக்கை தந்தார்கள். இன்று மியூஸியங்கள் இவற்றுக்கு ஏறக்குறைய 50 லக்ஸ் வெளிச்சம்தான் அனுமதிக்கின்றன. சில மாதங்களில் உள்ளே எடுத்துவைத்துவிடுகின்றன. கண்காட்சி என்பது படத்தைக் கொஞ்சம் செலவழிப்பது.

ஹென்றி வான் என்ற சேகரிப்பாளரின் உயிலின்படி 1900-ல் டர்னரின் 38 நீர்வர்ணங்கள் எடின்பரோ காலரிக்குப் போய்ச் சேர்ந்தன. நிபந்தனை: ஜனவரியில் மட்டும், எல்லாவற்றையும் ஒருசேர, இலவசமாகக் காட்டவேண்டும். அந்த ஊரில் ஜனவரி வெயில் வெயிலே அல்ல. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு உடனே அத்தி வரதர் நினைவு வரும். 1979-ல் குளத்திலிருந்து வெளியே வந்தவர் பிறகு 2019-ல்தான் வந்தார், 48 நாட்கள். ஒப்புமை அழகாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கையில்லை. எத்தனை பேர் பார்த்தாலும் வரதர் குறைவதில்லை.

இன்னும் பிறக்காதவனுக்காக, எதிரே நிற்கிறவனிடமிருந்து ஒரு படத்தை மறைப்பது நியாயமா? பெட்டியில் பூட்டுகிற பணக்காரனும் இதே நியாயத்தைத்தான் சொல்வான். வித்தியாசம், வான் ஒரு தேதி சொன்னார்.

நீர்வர்ணம் காயும்போதே வெளுத்துவிடும். அந்தச் சிவப்பை ஈரத்தில் பார்த்தவர்கள் மூன்றே பேர். மெட்ராஸுக்கு வந்தது மிச்சம்தான். ஆட்டுக்காரர் சொன்னதை அன்று நான் ஏழையின் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

நண்பன் போய்விட்டான். அவன் படங்களைச் சேர்த்துப் பத்து நாள் காட்டப்போகிறார்கள். என்னுடையதையும் கேட்டிருக்கிறார்கள். அந்த அரை அங்குலத்தை மறுபடி அட்டைக்கடியில் பத்திரப்படுத்தித் தரலாம். மவுண்ட் வேண்டாம், காகிதம் முழுவதும் தெரியட்டும் என்று எழுதிவிட்டேன். முதல் நாள் திருப்புலிவனத்தில் வைக்கமுடியுமா என்றும் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.