திரும்பி வருதலும் துணிவே

கோடை தொடங்கியதும் நம் இளைஞர் பலர் மலையேறப் புறப்படுகின்றனர். படைப்பின் அழகை நாடிச் செல்வது நன்றே. ஆயினும், மாறும் இயற்கையை எண்ணித் திட்டமிடுவது வெறும் சாமர்த்தியமா, அன்றி அறநெறிக் கடமையா என்று நாம் சிந்திக்க வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து சென்றவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. கற்றுக்கொள்ளும் கடமை உண்டு.

ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளில் கோடையில் சறுக்கச் செல்வோர் விடியுமுன் புறப்பட்டு, வெயிலில் பனி இளகுமுன் இறங்கிவிடுவர். பாலவாக்கத்து மீனவரும் காற்று ஒவ்வாத நாளில் படகைக் கரையிலேயே நிறுத்திவிடுவர். அன்றைய வருவாய் போகும்; எனினும் எவரும் அவர்களைக் கோழை என்பதில்லை. சூழ்நிலையை உற்றறிதலையும், அறிந்தோரிடம் கற்கும் மனத்தையும் விவேகத்தின் கூறுகளாகவே தூய தோமா அக்குவினாஸ் எண்ணினார்.

நகரத்தாராகிய நமக்கோ விடுப்பு குறிக்கப்பட்டுவிட்டது, பயணச்சீட்டு வாங்கியாயிற்று, கட்டணமும் செலுத்தியாயிற்று. இவையெல்லாம் சேர்ந்து, 'போயே ஆகவேண்டும்' என்று நெருக்குகின்றன. தனியே செல்பவர் தம் உயிருக்குப் பொறுப்பாளி. பிறரை அழைத்துச் செல்பவரோ அவர்தம் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கடன்பட்டவர். தம் துணிவிற்காக அவர்களைப் பணயம் வைக்க அவருக்கு உரிமையில்லை.

எனவே, எந்த வேளையில், எந்த அறிகுறி கண்டால், எவ்வழியே திரும்புவது என்பதை ஊரிலிருந்து புறப்படுமுன்னரே முடிவு செய்வோம். திரும்புவோம் என்று ஒருவர் அஞ்சிச் சொன்னாலும், அச்சொல்லை நகையாடாது கேட்போம்.